வரிக்கோட்டுக்கு ஒரு காரணம்

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் சாலையைக் கடக்க வெள்ளை வரிக்கோடு போடக் காரணம் வேண்டும். காரணமில்லாமல் அரசாங்கத்துப் பெயிண்டைத் தார்ச்சாலையில் கொட்டக் கூடாது என்பது சட்டம். காரணம் என்றால் என்ன என்பதையும் சட்டமே சொல்லிவிடுகிறது: அந்த இடத்தில், பள்ளிச் சீருடையில், ஒரு பிள்ளை இறந்திருக்க வேண்டும்.

கயன்ஜா என்ற ஊரில் அந்தக் காரணம் இருந்தது. அதை வாயால் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஸலோங்கோ நெடுஞ்சாலை ஓரத்தில் கட்டில் செய்து விற்பவன். ஸலோங்கோ என்பது அவன் பெயர் அல்ல. இரட்டைப் பிள்ளைக்குத் தகப்பன் ஆனவனை உகாண்டாவின் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். மனைவி நலோங்கோ ஆகிவிடுவாள். சொந்தப் பெயர்கள் அதோடு சரி. பிள்ளைகளுக்கும் பெயர் தேட வேண்டியதில்லை. பெண்களாக இருந்தால் முந்திப் பிறந்தவள் பபிரியே, பிந்தியவள் நகாத்தோ.

போன மழைக்காலத்தில், காலை மணியடிக்கும் நேரத்தில், வாழைக்குலை ஏற்றிக்கொண்டு தலைநகருக்குப் போன லாரி ஒன்று பள்ளி வாசலைக் கடந்தது. நகாத்தோ பறந்துவிட்டாள். இரட்டையரில் ஒன்று போனால் அப்படித்தான் சொல்ல வேண்டும். மற்றச் சொல்லைச் சொல்லக் கூடாது. சொன்னால் அது மிச்சமிருப்பதையும் தேடிக்கொண்டு வரும்.

லாரி நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்று அங்கே எதுவும் இல்லை.

அதிலிருந்து தினமும் காலையில் ஸலோங்கோ உளியைக் கீழே வைத்துவிட்டு, பபிரியேவைத் தோளில் தூக்கிக்கொண்டு, இரண்டு லாரிகளுக்கு நடுவே ஓடினான். மத்தியானம் திரும்ப ஓடினான். ஒருநாள் கால் இடறியது. விழவில்லை. ஆனால் மறுநாள் கடையைச் சாத்திவிட்டு டவுனுக்குப் போனான். பாதசாரிகள் கடவை ஆணையத்தின் கிளை அலுவலகம் அங்கே இருந்தது.

கடவை அதிகாரி லுபோவா நல்ல மனிதர். சுவர் முழுக்க வரிக்கோடுகளின் படம் மாட்டியிருந்தார். எல்லாம் வெளிநாட்டு வரிக்கோடுகள்.

"உக்காருங்க ஸலோங்கோ. நானும் ஸலோங்கோதான். எனக்கு ரெண்டும் பையனுங்க."

"அப்ப நல்லதாப் போச்சு ஐயா. உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டாம்."

"எனக்கு வேண்டாம். ஃபைலுக்கு வேணும். சொல்லுங்க, பொண்ணுக்கு என்ன ஆச்சு?"

"பறந்துட்டா ஐயா."

லுபோவா பேனாவைக் கீழே வைத்தார்.

"இப்படி எழுதி அனுப்பினா, மேல இருக்கறவங்க விமானத் துறைக்கு அனுப்பி வெச்சுருவாங்க. ஃபைலுக்குக் குலம் கோத்திரம் எதுவும் கிடையாது ஸலோங்கோ. அதுக்கு நேரடியாச் சொல்லணும்."

"நீங்களே மாத்தி எழுதிக்கோங்களேன்."

"நானா?" லுபோவா நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். "வீட்ல ரெண்டு பேர் இருக்கானுங்க ஐயா."

"ஹெட்மாஸ்டர் சொல்லுவாரு. அவர் கண்ணால பாத்தாரு."

"பெத்தவங்கதான் சொல்லணும். அடுத்தவன் பிள்ளையைச் சாகடிக்க இந்த நாட்டுல எவனுக்கும் உரிமை இல்லை. அந்த விஷயத்துல சட்டம் ரொம்பக் கண்டிப்பு."

ஸலோங்கோ தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பினான். லுபோவாவுக்கு இரக்கம் வந்தது.

"சரி, கயன்ஜாவுல வேற யாராவது உண்டா? யோசிச்சுப் பாருங்க."

"ஒரு குடிகாரன் உண்டு. ஆடு மாடு கணக்கில்ல. அதுக்கு முன்ன ஒரு டீச்சரம்மா."

"டீச்சரம்மா சீருடையில இருந்தாங்களா?"

"டீச்சருக்கு ஏதுய்யா சீருடை?"

"பாருங்க," என்றார் லுபோவா வருத்தத்தோடு.

"ஐயா, இப்படி ஒண்ணு கேக்கலாமா? யாருக்கும் எதுவும் ஆகறதுக்கு முன்னாடியே கோடு போட்டா என்ன?"

லுபோவா நிஜமாகவே யோசித்தார். இதுவரை யாரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

"முன்னாடியே போட்டுட்டா, அது தேவைப்பட்டுச்சுன்னு எப்படித் தெரியும்?"

வீட்டில் நலோங்கோ வாழையிலையில் பொதிந்து வேகவைத்த மட்டோக்கே வாழைக்காய் மசியலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். இரட்டையர் வீட்டில் எதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. தட்டு இரண்டு, கோப்பை இரண்டு, சீருடை இரண்டு. அது இன்னும் அப்படியே நடந்தது. பபிரியே தன் தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு, அடுத்த தட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்தைதானே, நலோங்கோ."

"ஒரு வார்த்தைதானா? அப்ப அதை என்னைப் பத்திச் சொல்லுங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க. பிள்ளை மேல ஏன் கை வைக்கிறீங்க?"

"இங்கிலீஷ்ல சொல்லிட்டா? அதுக்கு இங்கிலீஷ் தெரியாதுல்ல."

"எதுக்கு?"

"அதான்… வர்றது."

"ஏன் தெரியாது? இந்த ஊர்ல பாதிப் பேரை ஆஸ்பத்திரியில வெச்சு இங்கிலீஷ்லதானே கூட்டிட்டுப் போச்சு."

ஸலோங்கோ எழுந்து கை கழுவப் போனான். மறுநாள் காலை, பாதிச் சாலையில், மாட்டு லாரி ஒன்று அவன் முதுகை உரசினாற்போல் போனது. அதன் காற்றில் பபிரியேவின் பை தோளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அடுத்த லாரியின் சக்கரத்தில் விழுந்தது. பை மட்டும்தான். பபிரியே சிரித்தாள். ஸலோங்கோ அவளை இறக்கிவிட்டு வேலியோரம் உட்கார்ந்தான். எப்படியும் அது வரத்தான் போகிறது என்று தோன்றியது. சொன்னால் ஒருவேளை வரும். சொல்லாவிட்டால் நாளைக்கே வரும்.

ஸலோங்கோ சம்மதித்தபின் ஆணையத்தின் விசாரணைக் கூட்டம் ஒருநாள் காலையில் தொடங்கியது. முதலில் தேசிய கீதம். பிறகு பாதிரியார் ஜெபித்தார். மௌல்வி துவா செய்தார். புதிதாக மனம் திரும்பிய சபையின் போதகர், முந்தைய இருவரும் விட்டுவிட்டதை எல்லாம் சேர்த்து ஜெபித்தார். அடுத்தது அறிமுகம். ஆணையத்தின் தலைவர், மாண்புமிகு பொறியாளர் முனைவர் போசா, ஒவ்வொருவரையும் எழுந்து நிற்கச் சொல்லி அவர்கள் படித்த பள்ளி முதற்கொண்டு அறிமுகம் செய்தார். ஒவ்வொருவருக்கும் கை தட்டினார்கள். அறிமுகமானவர்கள் எழுந்து, தங்களை அறிமுகம் செய்தவருக்கு நன்றி சொல்லி, தங்களோடு வந்தவர்களை அறிமுகம் செய்தார்கள். மத்தியானம் ஆகிவிட்டது. சமோசாவும் சோடாவும் வந்தன.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸலோங்கோவை அழைத்தார்கள்.

"பயப்படாதீங்க," என்றார் தலைவர். "இது உங்க ஆணையம். உங்க பொண்ணுக்கு என்ன ஆச்சு, உங்க சொந்த வாயால, சொந்த விருப்பத்தோட சொல்லுங்க. யாரும் கட்டாயப்படுத்தலை. ஆனா சொன்னாத்தான் கோடு."

ஸலோங்கோ ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னான்.

அறையில் இருந்தவர்களில் பாதிப் பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஓர் உறுப்பினர் தோளுக்குப் பின்னால் துப்பினார். லுபோவா ஏற்கெனவே வெளியே போயிருந்தார்.

"மைக் ஆன் ஆகலையாம்," என்றார் தலைவர். "தயவுசெஞ்சு இன்னொரு தடவை."

ஸலோங்கோ இன்னொரு தடவை சொன்னான்.

அப்போது கழிப்பறைக்குப் போயிருந்த உறுப்பினர் அம்மையார் திரும்பி வந்தார். "மன்னிக்கணும். நான் இல்லாதப்ப நடந்தது என்னைக் கட்டுப்படுத்தாது. விதி அப்படி. நானும் கேக்கணும்."

மூன்றாவது முறை சொல்லும்போது ஸலோங்கோவின் குரல் பழகியிருந்தது.

"அந்தப் பிள்ளை இறந்துவிட்டதென்று முன்மொழிகிறேன்," என்றார் ஓர் உறுப்பினர்.

"வழிமொழிகிறேன்," என்றார் அம்மையார்.

"எதிர்க்கறவங்க கையைத் தூக்கலாம்," என்றார் தலைவர்.

ஸலோங்கோவின் கை பாதி எழுந்தது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

"ஒருமனதாக நிறைவேறியது."

கை தட்டினார்கள். ஒருவர் வந்து அவன் கையைக் குலுக்கி வாழ்த்துச் சொன்னார்.

அவன் வீட்டுக்குப் போய் எதையும் சொல்லவில்லை. நலோங்கோவும் கேட்கவில்லை. அன்று இரவு அவள் பபிரியேவைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பாவாடை நுனியைப் பிள்ளையின் மணிக்கட்டில் கட்டிவைத்துத் தூங்கினாள்.

பெயிண்ட் ஒரு சனிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வேலியோரம் கூட்டமாக நின்று பார்த்தார்கள். தார் மேல் வெள்ளை வரிகள். பபிரியே ஒவ்வொரு வரியாகத் தாண்டித் தாண்டிக் குதித்தாள். ஸலோங்கோ அவளைத் தூக்காமல் பக்கத்தில் நடந்தான். அது அவனுக்கே புதிதாக இருந்தது.

அன்று ஒரு லாரி நிஜமாகவே நின்றது. டிரைவர் ஜன்னலை இறக்கி, நாலாக மடித்த நோட்டு ஒன்றை ஸலோங்கோவிடம் நீட்டினான்.

"சீக்கிரம் விடுங்க ஆபீசர். மாடு தண்ணியில்லாம கத்துது."

"நான் ஆபீசர் இல்லப்பா. பிள்ளைங்க கடக்கறாங்க."

"யாரோட பிள்ளைங்க?"

"நம்ம பிள்ளைங்கதான்."

"அதுக்கா நிறுத்தினீங்க?" டிரைவர் ஆச்சரியப்பட்டான். கொஞ்சம் சிரித்தான். நீட்டிய கையைத் திரும்ப எடுப்பது மரியாதையல்ல என்பதால் நோட்டைக் கொடுத்துவிட்டே போனான்.

செவ்வாய்க்கிழமை வரிக்கோட்டைக் காணவில்லை. அதன் மேல் நீலத் தார்ப்பாய் விரித்து, ஓரங்களில் ஆணி அடித்து, சாலையின் இரண்டு பக்கமும் கம்பு நட்டுச் சிவப்பு ரிப்பன் கட்டத் தயாராக வைத்திருந்தார்கள். கையில் தடியோடு ஒரு காவலாளி நின்றார். பெயர் கிகுண்டு.

"அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம். துணி மேல கால் வைக்கக் கூடாது."

"நேத்து நடந்தோமே," என்றான் ஸலோங்கோ.

"நேத்து நடந்தது தப்பு. உங்க மேல கேஸ் போடாம விட்டதே பெரிசு. இது இன்னும் திறக்கலை ஸலோங்கோ. தொப்புள்கொடி அறுக்காத பிள்ளையை யாராவது சந்தைக்குத் தூக்கிட்டுப் போவாங்களா?"

வாழைக்குலை லாரி ஒன்று தார்ப்பாய் மேல் ஏறி இறங்கிப் போனது.

"லாரி போகுதே?"

"லாரி போகுது. உபயோகிக்கலை. வரிக்கோட்டை உபயோகிக்கறது நடக்கறவங்கதான்."

"அப்ப பிள்ளைங்க எங்க கடக்கறது?"

"பழைய இடத்துல."

"பழைய இடமே இதுதானேய்யா."

கிகுண்டு தடியை ஊன்றி யோசித்தார். "அப்ப கொஞ்சம் தள்ளி."

கொஞ்சம் தள்ளினால் ஒரு பக்கம் சதுப்பு நிலம். மறுபக்கம் வளைவு. பிள்ளைகள் வளைவில் கடந்தார்கள். அங்கே லாரி வருவது கடப்பவருக்குத் தெரியாது. கடப்பவர் லாரிக்குத் தெரியமாட்டார். ஸலோங்கோ மறுபடி பபிரியேவைத் தோளில் தூக்கினான். வளைவில் நின்று காதால் கேட்டு, பிறகு ஓடினான்.

திறப்பு விழாவுக்கு அமைச்சர் வர வேண்டும். அமைச்சருக்குத் திறக்க நிறைய இருந்தது. ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு காவல் நிலையம், இன்னொரு அமைச்சரின் மாமியார் வீட்டுக்குப் போகும் பாலம். தேதி வந்தது, போனது, மறுபடி வந்தது.

காத்திருந்த காலம் வீணாகவில்லை. ஆணையம் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க மேடம் நமுலியை அனுப்பியது. அவர் குடைபிடித்துக்கொண்டு வேலியோரம் நின்று சொன்னார்:

"வண்டி நிறுத்தறது டிரைவரோட பெரிய மனசு. பெரிய மனசுக்கு என்ன செய்யணும்?"

"நன்றி சொல்லணும் மேடம்!"

"எப்பச் சொல்லணும்?"

"நிறுத்தினதும் மேடம்!"

"தப்பு. வர்றப்பவே சொல்லணும். முன்கூட்டியே நன்றி சொல்லிட்டா அவருக்கு நிறுத்தாமப் போக வெக்கமா இருக்கும். எங்கே, பொண்ணுங்க எல்லாம் எப்படி நன்றி சொல்லுவீங்க?"

பெண் பிள்ளைகள் தாரின் விளிம்பில் மண்டியிட்டு, இரண்டு கையையும் சேர்த்து, தலை தாழ்த்தினார்கள். வீட்டுக்குப் பெரியவர் வந்தால் செய்வதுதான். அதனால் பழக்குவது கஷ்டமாக இல்லை. தலைமையாசிரியரின் சைக்கிளை அமைச்சரின் காராக வைத்து ஒத்திகை பார்த்தார்கள். சைக்கிள் ஒவ்வொரு தடவையும் நின்றது.

பபிரியேவுக்குத் தனி வேலை. ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலை மெத்தைத் தலையணையில் வைத்து ஏந்திக்கொண்டு, சாலையின் நடுவில், தார்ப்பாயின் மத்தியில் அவள் நிற்க வேண்டும். மேடம் நமுலியே தேர்ந்தெடுத்தார்.

"ஏன் என் பொண்ணு?" என்று கேட்டாள் நலோங்கோ.

"மிச்சம் இருக்கற பிள்ளை இல்லையா அம்மா? போட்டோவுல பாக்க உருக்கமா இருக்கும்."

விழா அன்று கூடாரம் போட்டார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி உறை மாட்டினார்கள். ஆட்டுப் பிலாவ் வேகும் வாசனை பள்ளிக்கூடம் வரை வந்தது. ரிப்பனைக் கட்டி, போக்குவரத்தை ஒருபக்கமாக ஒதுக்கினார்கள். அமைச்சர் காலையில் வருவதாக இருந்தது. மத்தியானம் வரை பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள், பிறகு படுத்துவிட்டார்கள். பபிரியே வெயிலில், தலையணையோடு, நின்ற இடத்தில் நின்றாள். நலோங்கோ இரண்டாவது சீருடையையும் துவைத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நேரத்தைப் போக்கத் தலைவர் போசா மைக்கைப் பிடித்தார். மைக் நன்றாக வேலை செய்தது.

"எல்லா மரியாதைகளும் செலுத்தப்பட்டதா எடுத்துக்கணும். பெரியோர்களே, நம்ம நாட்டுல நடக்கறவங்க செத்துப்போறாங்கன்னு பேப்பர்காரன் எழுதறான். நான் சவால் விடறேன். ஆணையம் திறந்து வெச்ச வரிக்கோட்டு மேல இதுவரைக்கும் ஒருத்தர் செத்ததாக் காட்டட்டும்! காட்ட முடியாது. ஏன்? அவ்வளவு எச்சரிக்கையாத் திறக்கறோம். மூணு வருஷத்துல திறந்தது ரெண்டே ரெண்டு கோடு. வெளிநாட்டுலேருந்து வந்து பாத்தவங்க ஆடிப்போயிட்டாங்க. எப்படி இதுன்னு கேட்டாங்க. அவசரப்படாததுதான் ரகசியம்னு சொன்னேன்."

கை தட்டினார்கள்.

"சிலபேர் கேக்கறாங்க, சட்டம் என்ன சொல்லுதுன்னு. சட்டம் ரொம்ப எளிமை. வண்டி எப்ப நிக்கணும்? கோட்டு மேல ஆள் கால் வெச்சப்புறம். ஆள் எப்பக் கால் வைக்கணும்? வண்டி நின்னப்புறம். என்ன ஒரு நியாயம் பாருங்க! பணக்காரன் ஏழைன்னு எந்தப் பாரபட்சமும் கிடையாது."

ஸலோங்கோ கையைத் தூக்கினான். இந்தமுறை முழுவதும் தூக்கினான்.

"அப்ப யாருய்யா மொதல்ல?"

தலைவர் மலர்ந்துபோனார். "அருமையான கேள்வி. இப்படிக் கேள்வி கேக்கற பொதுமக்கள்தான் நமக்கு வேணும். எங்கே, அவருக்கு ஒரு கைதட்டல்!"

கைதட்டல் அடங்குவதற்குள் தூரத்தில் சைரன் கேட்டது.

பாண்டுக்காரர்கள் எழுந்து தொப்பி தேடினார்கள். பெண் பிள்ளைகள் விளிம்பில் மண்டியிட்டார்கள். மேடம் நமுலி குடையால் சைகை காட்டினார். வளைவில் முதல் வண்டி தெரிந்தது. கறுப்பு வண்டி, அதன் பின்னால் கறுப்பு வண்டிகள், கடைசியில் போலீஸ் லாரி.

ஸலோங்கோ நாள் முழுக்கச் சாலையோரம் உட்கார்ந்து மரம் அறுப்பவன். கட்டில் பார்க்க நிற்கப் போகிற வண்டி ஒருமாதிரி உறுமும். போகிற வண்டி வேறுமாதிரி. இந்த உறுமல் அவனுக்குப் பிடிக்கவில்லை.

"நிக்கும், நிக்கும்," என்றார் பக்கத்தில் இருந்த லுபோவா. "உக்காருங்க. புரோகிராம் கெட்டுப்போகும்."

ஸலோங்கோ நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினான். ரிப்பனுக்கு அடியில் குனிந்து நுழைந்து, பபிரியேவை இடுப்போடு சேர்த்து அள்ளி, மறுபக்கம் சதுப்பில் போய் விழுந்தான். தலையணை மேலே போனது. கத்தரிக்கோல் எங்கேயோ போனது. முதல் வண்டி ரிப்பனை அறுத்துக்கொண்டு போனது. அமைச்சர் பயணத்தில் இருக்கும்போது பாதுகாப்பை முன்னிட்டு அவர் வண்டி நெடுஞ்சாலையில் எங்கும் நிற்கக் கூடாது என்பது விதி. அழைப்பிதழ் அனுப்பியவர்களும் அதை அறிவார்கள். ஒரு கண்ணாடி பாதி இறங்கி, ஒரு கை வெளியே வந்து அசைந்தது. மண்டியிட்ட பிள்ளைகள் தலை தாழ்த்தினார்கள். கடைசி லாரியின் அடியில் தார்ப்பாய் மாட்டி, ஆணிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க, இழுபட்டுப் போனது.

சைரன் தேய்ந்தது.

"ரிப்பன் அறுந்துச்சா?" என்று கேட்டார் தலைவர்.

"அறுந்துச்சு ஐயா," என்றார் கிகுண்டு.

"யார் வண்டியில அறுந்துச்சு?"

"சிறப்பு விருந்தினர் வண்டியிலதான் ஐயா."

"அப்பத் திறந்தாச்சு!"

கை தட்டினார்கள். பாண்டு முழங்கியது. பிலாவ் பானையை நோக்கி வரிசை நகரத் தொடங்கியது.

ஸலோங்கோ சேற்றோடு எழுந்து சாலைக்கு வந்தான். பபிரியேவின் முழங்காலில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. அவன் தாரைப் பார்த்தான். கறுப்பாக இருந்தது. வெயிலிலும் லாரிச் சக்கரங்களின் கனத்திலும் பெயிண்ட் தார்ப்பாயோடு ஒட்டிப்போயிருந்தது. வெள்ளை வரிகள் துணியின் அடிப்பக்கத்தில் ஒழுங்காகப் படிந்து, போலீஸ் லாரிக்குப் பின்னால், அடுத்த ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

நலோங்கோ கூடாரத்திலிருந்து வந்தாள். பிள்ளையைத் தலை முதல் கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"அந்தச் சொல்லை எத்தனை தடவை சொன்னீங்க?"

அவன் சொன்னான்.

அவள் பிள்ளையின் சேற்று உடுப்பைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த இரண்டாவது சீருடையைப் போட்டுவிட்டாள். அது அளவு சரியாக இருந்தது.

மழை வந்து போன பிறகு ஸலோங்கோ மறுபடி டவுனுக்குப் போனான். பபிரியேவைத் தனியாக விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனான். லுபோவாவின் சுவரில் புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது. சிவப்பு ரிப்பன், கறுப்பு வண்டி, மண்டியிட்ட பிள்ளைகள். கீழே 'கயன்ஜா' என்று எழுதியிருந்தது.

"கோடு போயிடுச்சு ஐயா. இன்னொரு தடவை போட்டுக் கொடுங்க."

"கோடு போகலை ஸலோங்கோ. திறந்த கோடு எப்படிப் போகும்? பெயிண்ட்தான் போயிருக்கு."

"சரிய்யா. பெயிண்ட் போடுங்க."

"அதுக்குக் காரணம் வேணும்."

"காரணம்தான் சொன்னேனே. மூணு தடவை சொன்னேன்."

"சொன்னீங்க. அதுக்குத்தான் போட்டோமே. ஒரு காரணத்துக்கு ஒரு கோடு. அந்தக் காரணம் செலவாயிடுச்சு." லுபோவா குரலைத் தாழ்த்தினார். "செலவான காரணத்தையே திரும்பக் கொண்டுவந்தா ஆடிட்ல என்னைப் பிடிப்பாங்க."

"புதுக் காரணத்துக்கு நான் எங்கய்யா போவேன்?"

லுபோவா பெஞ்சைப் பார்த்தார். பபிரியே கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், சீருடையில். அவர் சட்டென்று பார்வையை ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு மிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்தார். பிறகு நினைவு வந்து இன்னொன்றையும் கொடுத்தார். அவரும் ஸலோங்கோதான்.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். "நம்பிக்கையை விட்டுடாதீங்க. கயன்ஜா நல்ல இடம். வண்டிப் போக்குவரத்து அதிகம்."

வேன் அவர்களைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் இறக்கிவிட்டது. வீடு எதிர்ப்பக்கம். சாலையின் இரண்டு ஓரத்திலும் ஆணையம் நட்ட பலகை இருந்தது. அதில் வரைந்திருந்த ஒரு மனிதன் கோடுகளின் மேல் கையை வீசி நடந்துகொண்டிருந்தான். பலகைக்குக் கீழே கறுப்புத் தார்.

சதுப்பில் விழுந்து முழங்கால் சுளுக்கியதிலிருந்து ஸலோங்கோவால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடிவதில்லை. இருவரும் விளிம்பில் நின்றார்கள். பபிரியே ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். மற்றதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி மண்டியிட்டு, கைகளைச் சேர்த்தாள்.

வாழைக்குலை லாரி ஒன்று வந்தது. மரியாதை தெரிந்த பிள்ளையைப் பார்த்ததில் டிரைவருக்கு மகிழ்ச்சி. இரண்டு தடவை ஹாரன் அடித்து, ஜன்னலில் கையை உயர்த்தி, அதே வேகத்தில் போனான். அதன் காற்று அவளைப் பின்னால் தள்ளியது. அவள் எழவில்லை.

"அப்பா, அவர் கை காட்டினாரு."

"பாத்தேன்."

"அடுத்தவர் நிப்பாரா?"

"நிப்பாரு."

பின்னால் வளைவிலிருந்து லாரிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொரு டிரைவரும் ஹாரன் அடித்துப் பதில் மரியாதை செய்தான். மூன்று தடவை சொன்ன அந்தச் சொல் எந்த லாரியில் வருகிறது என்று ஸலோங்கோ ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.